நூற்று எழுபத்து நான்கு கே.வி.ஏ.

மின்கட்டண பில்லை எல்லோரும் கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறார்கள், மேடம். அது தப்பு. கடைசி வரியில் மொத்தத் தொகை இருக்கும். அதைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துவிடும். அப்புறம் மேலே உள்ள எதுவும் மண்டையில் ஏறாது. நடுவிலிருந்து படிக்க வேண்டும். எங்கள் முதலாளிக்கு இருபத்திரண்டு வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். இன்றைக்கும் பில்லைக் கையில் வாங்கினால் மேலே உள்ளதையெல்லாம் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கடைசி வரியைத்தான் பார்ப்பார்.

ஏட்டையா எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் வரட்டும். என் பெயர் குமரகுருபரன். வயது ஐம்பத்து நான்கு. பேட்டையைத் தாண்டி, சேரன்மகாதேவி சாலையில் இருக்கிற கைலாசம் முதலாளியின் அரிசி ஆலையில் மேலாளர். மேலாளர் என்று போர்டில் இருக்கும். நெல் வாங்குவதிலிருந்து தவிட்டை விற்பது வரை எல்லாம் நான்தான்.

எங்கள் ஆலை ஆபரேட்டர் மாடக்கண்ணு எப்படிச் செத்தான் என்று நேராகக் கேட்டீர்கள். பில்லைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் நான் உங்களுக்குக் கெட்டவனாகத் தெரிவேன். அதனால் பில்லிலிருந்து வருகிறேன்.

உங்கள் வீட்டுக்கு வருவது யூனிட் கணக்கு. எங்களுக்கு வருவது உயரழுத்த இணைப்பு. அதில் மூன்று கணக்கு இருக்கிறது. ஒன்று யூனிட், மாதம் முழுக்க எவ்வளவு ஓட்டினோம் என்பது. இரண்டாவது உச்சநேரம். காலையில் ஆறிலிருந்து பத்து, மாலையில் ஆறிலிருந்து பத்து; அந்த நேரத்தில் ஓடுகிற யூனிட்டுக்குக் கால் பங்கு கூடுதல். மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. அதற்கு டிமாண்ட் என்று பெயர்.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை இலை விழுந்தது என்பது யூனிட். ஒரே பந்தியில் அதிகபட்சம் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது டிமாண்ட். எங்கள் மீட்டர் அரை மணி அரை மணியாகப் பந்தியை எண்ணுகிறது. மாதத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது அரை மணி. அதில் ஏதாவது ஒரே ஒரு அரை மணியில் கூட்டம் அதிகமாகிவிட்டால், அந்த ஒன்றை வைத்து மாதம் முழுவதற்கும் காசு வாங்கிவிடுவார்கள். மீதி ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்பது அரை மணியும் நீங்கள் ஒழுக்கமாக இருந்தது எந்தக் கணக்கிலும் வராது.

எவ்வளவு இழுப்போம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். டிமாண்டை அளப்பது கே.வி.ஏ. கணக்கில். நாங்கள் எழுதிக்கொடுத்தது நூற்றைம்பது கே.வி.ஏ. ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் அறுநூறு ரூபாய் சொச்சம். தாண்டினால், தாண்டிய அளவுக்கு இரட்டிப்பு. சரி, பெரிதாக எழுதிக்கொடுத்துவிட்டால் போயிற்று என்று நினைக்கிறீர்கள். எழுதிக்கொடுத்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், கட்டியாக வேண்டும். குறைத்து எழுதிக்கொடுத்து, அந்த வட்டத்துக்குள்ளேயே ஆலையை ஓட்டுகிறவன்தான் மேலாளர். நான் இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

சித்திரையில் முதலாளி ஒரு கலர் சார்ட்டர் வாங்கினார். அரிசியில் கறுப்பு, பழுப்பு எல்லாவற்றையும் தானே பார்த்து ஊதித் தள்ளிவிடும். கூடவே அதற்கு ஒரு காற்று கம்ப்ரெசர், அது இருக்கும் அறைக்கு ஏ.சி. அன்றைக்கு முதலாளியின் மகள் சித்ரலேகா அலுவலகத்தில் இருந்தாள். கோயம்புத்தூரில் படித்து, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். “புது மிசின் வந்திருக்கு மாமா, நூத்தம்பதை நூத்தெண்பதா மாத்தி எழுதிப் போட்டுருவோமா?” என்று கேட்டாள். நான் தேவையில்லை என்றேன். எங்களிடம் அரிசியைத் தீட்டுகிற பாலிஷர் இரண்டு, உமியை ஊதித் தள்ளுகிற ப்ளோயர் இரண்டு. எப்போதும் ஒன்று ஓடும், ஒன்று ஓய்வில் நிற்கும். மாற்றி மாற்றி ஓட்டினால் சார்ட்டரையும் சேர்த்து நூற்று நாற்பத்தொன்றைத் தாண்டாது. நூற்றெண்பது எழுதிக்கொடுத்தால் மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் தண்டம். ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

முதலாளி காகிதத்தைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்து, “குமரகுருபரன் கணக்கு போட்டா வாரியமே வந்தாலும் திருத்த முடியாது பாத்துக்கோ” என்றார். சம்பள உயர்வு, போனஸ் எதையும் நான் வாய்விட்டுக் கேட்டதில்லை, மேடம். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

அடுத்த மாத பில் வந்தது. நடுவிலிருந்து படித்தேன். பதிவான டிமாண்ட் நூற்று எழுபத்து நான்கு.

அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு கூடுதல். இரட்டிப்பில் இருபத்தொன்பதாயிரம். முதலாளி உள்ளங்கையை எடுத்துவிட்டு முதல்முறையாக நடு வரியைப் பார்த்தார். “நூத்தம்பதுக்குள்ள அடங்கிரும்னீரே, இது எங்கன போயி நிக்கி பாரும்” என்றார். சித்ரலேகா மடிக்கணினியை மூடினாள். அவ்வளவுதான். அந்தச் சத்தம் எனக்கு இரண்டு நாள் காதில் இருந்தது.

எந்த நாள், எந்த அரை மணி என்று தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். மீட்டருக்குள் அது பதிவாகியிருக்கும். மின்வாரியத்துக்காரர்கள்தான் எடுத்துத் தர வேண்டும். மூன்று முறை அலைந்தேன். முதல் முறை அதிகாரி வெளியே போயிருந்தார். இரண்டாம் முறை மனுவில் இணைப்பு எண்ணைத் தப்பாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். தப்பில்லை, என் ஏழு அவர்களுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் முறை கிடைப்பதற்குள் அடுத்த பில்லும் வந்துவிட்டது. அதிலும் நூற்று எழுபத்து நான்கு. இரண்டு மாத விவரமும் சேர்த்துக் கொடுத்தார்கள். நாற்பது பக்கம். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே படித்தேன். இரண்டு மாதத்திலும் ஒரே ஒரு நாள். இரண்டு நாளும் மாலை ஐந்தரையிலிருந்து ஆறு.

எங்கள் ஆலையில் எந்த மிசின் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று ஒரு பதிவேடு உண்டு. நான் கொண்டுவந்த ஏற்பாடு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஆபரேட்டர் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டு நாளும் ஐந்தரைக்கு மில் போர்டில், அதாவது எல்லா மிசினுக்கும் பொத்தானும் ஃப்யூஸும் இருக்கிற சுவிட்ச் போர்டில், நின்றவன் மாடக்கண்ணு. ஒரு பாலிஷர், ஒரு ப்ளோயர், சார்ட்டர், எலிவேட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அப்படி ஓட்டியிருந்தால் நூற்று நாற்பத்தொன்றுதான் வந்திருக்கும். ஆக, எழுதாமல் எதையோ ஓட்டியிருக்கிறான். வெளியாள் நெல்லை ரகசியமாக அரைத்துக் கொடுக்கிறான் என்று கணக்குப் பண்ணினேன். முதலாளியிடமும் சொன்னேன்.

முதலாளி அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். “நான் எதுக்கு மொதலாளி அப்படிச் செய்யுதேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். எந்தக் கோபமும் இல்லாத பார்வை. அதிலிருந்து ஆலையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்தது. நான் நடந்து வந்தால் மூட்டை தூக்குகிறவர்கள் முதுகுக்குப் பின்னால், “ஏலே, கே.வி.ஏ. வாராரு, பீடியக் கூட ஒண்ணொண்ணா பத்த வைங்க” என்பார்கள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

அந்த இரண்டு நாளும் அமாவாசை என்பதை நான் கவனிக்காமல் இல்லை, மேடம். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆலையில் அமாவாசைக்கு அமாவாசை பூஜை உண்டு. முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். எல்லா மிசினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை நேரத்தில் எந்த மிசினும் ஊமையாக நிற்கக் கூடாது என்று அத்தனையையும் ஓடவிட்டு, சூடம் காட்டி, சுற்றி வந்து, கடைசியில் வாசலில் பூசணிக்காய் உடைப்போம். அரை மணி நேரம் ஆகும். பச்சைப் பொத்தான்களை வரிசையாக அழுத்துவது என் கை. எனக்குக் கைராசி என்று முதலாளிக்கு நம்பிக்கை. அதைப் பதிவேட்டில் எழுதுவதில்லை; உற்பத்தி இல்லை, சாமி காரியம். ஆனால் பூஜை ஆறு மணிக்கு. உச்சநேரம் என்று தெரிந்தும், சாமிக்காகக் கால் பங்கு கூடுதல் போனால் போகட்டும் என்று ஆறு மணிக்கே வைத்திருந்தேன். மீட்டர் சொல்வது ஐந்தரையிலிருந்து ஆறு. அப்போது பூஜை ஆரம்பித்திருக்கவே செய்யாது. நேரம் ஒத்துவரவில்லை. ஆகவே பூஜையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். எல்லோரும் பூ, பழம் என்று அலைகிற சாக்கில் அவன் வேலையைக் காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆடி அமாவாசைக்கு ஐந்தே கால் மணிக்கே போய் மில் போர்டுக்கு எதிரே நெல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். மாடக்கண்ணு வந்து பார்த்தான். “என்ன அண்ணாச்சி, ஃபேன்கூட இல்லாம இங்கன வந்து உக்காந்துட்டிய. வேர்த்து வழியுது பாருங்க” என்று ஒரு காலிச் சாக்கைக் கொண்டுவந்து பின்னால் சாய்மானத்துக்குப் போட்டான். கடிகாரத்தையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரையிலிருந்து ஆறு வரை கண்ணை எடுக்கவில்லை. அதிகமாக ஒரு பல்புகூட எரியவில்லை. ஆறு அடித்ததும் எழுந்து, கால் கழுவி, விபூதி பூசிக்கொண்டு, பூஜைக்குப் பொத்தான்களை அழுத்தினேன்.

அந்த மாத பில்லும் நூற்று எழுபத்து நான்கு. இந்த முறை விவரத்தை வாங்கச் சித்ரலேகாவே போய், ஒரே நடையில் வாங்கி வந்துவிட்டாள். ஆடி அமாவாசை. மாலை ஐந்தரையிலிருந்து ஆறு.

நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அரை மணி, மேடம். சாய்மானத்துக்குச் சாக்குப் போட்டுக்கொடுத்த அரை மணி. என்னை எதிரே உட்கார வைத்துக்கொண்டே செய்திருக்கிறான் என்றால் அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் பில்லை விரித்து வைத்தேன். ஒரு பில். எட்டு வரி. இருபத்திரண்டு வருடம் படித்த காகிதம். அது என்னைப் பார்த்து, உனக்கு ஒன்றும் தெரியாது என்கிறது.

சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. “யாரு ஏத்துதாம்னு திங்கக்கிழமை பதினோரு மணிக்குள்ள எனக்குத் தெரியணும்வே. உமக்குத் தெரியலைன்னா சித்ரா உம்ம நாற்காலியில உக்காரட்டும். நீரு பைய வீட்டோட இரும். வயசும் ஆயிட்டுல்லா” என்றார். மின்கட்டணக் கோப்பை மகளிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை மாடக்கண்ணு அலுவலக வாசலில் வந்து நின்றான். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். வேறு யாரும் இல்லை. அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். என் நினைவில் ஒரு சொல்லும் குறையவில்லை.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது. நேத்து வீட்டுல உக்காந்து ரோசிச்சேன். நான் மில்லுல ஏழு மணிக்குக் கெளம்பி, அரமணிக்கூறு சைக்கிள் மிதிச்சு வீட்டுக்குப் போறேன். அங்க போனா, எம் பொண்டாட்டி பாக்குற ஏழு மணி நாடகம் அப்பதான் ஆரம்பிக்கி. இத்தன வருசமா இப்படித்தான். நம்ம கடியாரம் அரமணிக்கூறு முன்னால ஓடுதுல்லா. அது நமக்குத் தெரியும். வாரியத்து மீட்டருக்குத் தெரியுமா? மீட்டருல அஞ்சரைன்னா நம்ம சொவத்துல ஆறு. நாம சாமி கும்பிடுத நேரம் அண்ணாச்சி. அம்புட்டு மிசினயும் ஒண்ணா ஓட விடுதோம்லா. புது மிசின் வேற சேந்துட்டு. அதான் ஏறுது.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“ஒண்ணொண்ணா ஓட்டி, ஒண்ணொண்ணுக்கா சூடம் காட்டினா சாமி கோவிச்சுக்கிடவா போகுது. பில்லும் ஏறாது” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி. நீங்க கண்டுபிடிச்சதாவே இருக்கட்டும். எம்மேல உள்ள பழி போனாப் போதும் எனக்கு” என்றான்.

அவன் முகத்தில் கிண்டல் இல்லை, மேடம். கொஞ்சம் கிண்டல் இருந்திருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான் என்று நினைக்கிறேன்.

எலிவேட்டரில் நெல் அடைத்துக்கொண்டிருக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டான். எலிவேட்டர் என்றால் ஆள் ஏறுவது இல்லை. பெல்ட்டில் வாளி வாளியாக நெல்லை மேலே தூக்கிப் போகிற மிசின். அதன் அடிப்பாகம் ஆள் உயரக் குழிக்குள் இருக்கும்.

கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது நான்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால். ஆட்கள் தாமதமாக வந்தார்கள். தள்ளி வைத்த பிறகு யாரும் தாமதமாக வரவில்லை. முதலாளி பாராட்டினார். என் கைக்கடிகாரத்தையும் அதற்கு ஒத்தே வைத்துக்கொண்டேன். ஆலைக்குள் செல்போன் கூடாது என்று விதி. என் போனும் இழுப்பறையில்தான் கிடக்கும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்ததாலேயே யாரும் அதை நினைப்பதில்லை. நான் மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள். மறக்கவில்லை. நினைக்கவில்லை.

அவன் போன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிமாண்ட் மட்டும் என்றால் மூன்று மாதத்தில் எண்பத்தேழாயிரம். அது போகட்டும். உச்சநேரம் காலை பத்து மணிக்கு முடிகிறது என்று, தினமும் சுவர்க் கடிகாரத்தில் பத்து அடித்ததும் கனமான மிசின்களை ஓட்டச் சொல்வேன். உண்மையில் அப்போது மணி ஒன்பதரை. அரை மணி, கால் பங்கு கூடுதலில் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு நாளும். பில்லில் உச்சநேர யூனிட் என் கணக்கைவிட எப்போதும் கூடுதலாகத்தான் வரும். வாரியத்துக்காரர்கள் அப்படித்தான் என்று வைதுகொண்டே கட்டுவேன். பதினாறு வருடம். கால்குலேட்டரை எடுத்தேன். பாதியில் கீழே வைத்துவிட்டேன்.

முதலாளியிடம் பூஜைதான் காரணம் என்று சொன்னால், கடிகாரம் யார் வைத்தது என்று கேட்பார். பொத்தானை அழுத்துவது யார் கை என்று கேட்பார். காலைப் பத்து மணி விஷயத்தைக் கண்டுபிடிக்கச் சித்ரலேகாவுக்கு ஐந்து நிமிடம் போதும். நான் சொல்லாவிட்டாலும் மாடக்கண்ணு ஒரு நாள் சொல்வான். நல்ல எண்ணத்தில்தான் சொல்வான். ‘அண்ணாச்சிக்குத் தெரியல, நான்தான் எடுத்துக் குடுத்தேன்’ என்று டீக்கடையில் ஒரு வார்த்தை வரும். மூட்டை தூக்குகிறவர்கள் எனக்குப் புதுப் பெயர் வைப்பார்கள்.

மில்லில் ஒரு பழக்கம் உண்டு. மிசினுக்குள் கை வைப்பதற்கு முன் அந்த மோட்டாரின் ஃப்யூஸ் கட்டை மூன்றையும் போர்டிலிருந்து பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டை தன் பையில் இருக்கிற வரைக்கும் உயிர் தன்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் தெரியாமல் ஓட்டிவிட முடியாது. மாடக்கண்ணு பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட இதைத் தவறவிட்டதில்லை. நான்தான் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐந்து. ஆட்கள் டீ குடிக்கச் சாலைக்குப் போயிருந்தார்கள். ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. முப்பத்திரண்டு ஆம்பியர் ஃப்யூஸ் கட்டை மூன்று எடுத்தேன். ஸ்டோர் பதிவேட்டில் தேதி போட்டு, எண்ணிக்கை மூன்று என்று எழுதி, என் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கு நேற்று சந்தேகம் உறுதியானது என்று சொன்னீர்கள். எழுதாமல் ஸ்டோரிலிருந்து ஓர் ஆணிகூட நான் எடுத்ததில்லை.

குழியிலிருந்து நெல்லை வாரிப் போடுகிற சத்தம் கேட்டது. போர்டில் மூன்று இடமும் காலியாக இருந்தன. கட்டைகளைப் பொருத்தினேன்.

மோட்டார் ஓடியது என்று நேற்று சொன்னேன். ஏட்டையாவும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அதைச் சரிசெய்துவிடலாம். ஃப்யூஸ் போட்டால் மட்டும் மோட்டார் ஓடாது. பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். குழிக்குள்ளிருந்து, “அண்ணாச்சி” என்று ஒரு முறை கேட்டது. போர்டுக்கு முன்னால் நிற்பது நான் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். அவன் தோளில் துண்டு போட்டிருந்தான். பெல்ட்டில் அதுதான் முதலில் மாட்டியிருக்க வேண்டும். நாற்பது வரை எண்ணிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

குழிக்குள் இறங்கி அவன் பையில் இருக்கிற கட்டைகளை எடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும். கட்டையைப் பிடுங்க மறந்துவிட்டான், எலிவேட்டர் பொத்தானை யாரோ தெரியாமல் அழுத்திவிட்டார்கள் என்று போய்விடும். ஏணியில் இரண்டு படி இறங்கினேன். அதற்குள் டீ குடிக்கப் போனவர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்துவிட்டார்கள். நான் காப்பாற்ற இறங்குகிறேன் என்று நினைத்து என்னைப் பிடித்து மேலே இழுத்தார்கள். “நீங்க பாக்காதிய அண்ணாச்சி” என்று ஒருவன் என் கண்ணைப் பொத்தினான்.

பதினோரு மணிக் கூட்டம் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் சட்டையை ஒரு பையில் போட்டு அவன் மனைவி கோமுவிடம் கொடுத்திருக்கிறார்கள். பதினாறு நாள் அதைத் திறக்கவில்லையாம். காரியம் முடிந்து, துவைக்க எடுத்தபோது கனத்திருக்கிறது. அவளுக்கு மின்சாரம் தெரியாது, பில் தெரியாது. கட்டை பையில் இருந்தால் மிசின் ஓடாது என்பது மட்டும் தெரியும். தினமும் அவன் சொல்லக் கேட்டிருக்கிறாள். மூன்றையும் துணியில் முடிந்து உங்களிடம் கொண்டுவந்தாள். நீங்கள் போர்டிலிருந்து கழற்றிய மூன்றைப் பக்கத்தில் வைத்தீர்கள். மேசைமேல் ஆறு இருந்தது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. எனக்கு ஒரு பில்லைப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். அவன் இறந்த பிறகு வந்த அமாவாசைக்கு, ஆலைக்குள் சாவு விழுந்ததே என்று முதலாளி பூஜையை நிறுத்திவிட்டார். அந்த மாத பில் வந்தது. பதிவான டிமாண்ட் நூற்று நாற்பத்தொன்று. சித்திரையில் நான் துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டிய அதே எண். முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் போன பிறகு ஏறவில்லை பாருங்கள் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. முதலாளி வெகுநேரம் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். “உம்ம கணக்கு சரியாத்தான் இருந்திருக்குவே” என்றார். கோப்பு என் மேசைக்குத் திரும்பி வந்தது. நான்கு நாள் நன்றாகத் தூங்கினேன். ஐந்தாம் நாள் உங்கள் ஜீப் வந்தது.

கையெழுத்துப் போடுகிறேன். எல்லாப் பக்கத்திலும் போட வேண்டுமா? சரி.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், மேடம். நாளை மறுநாள் அமாவாசை. பூஜையை மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் திரும்பவும் நூற்று எழுபத்து நான்குதான் வரும். ஒவ்வொரு மிசினாக ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சூடம் காட்டச் சொல்லுங்கள். சித்ரலேகாவுக்குத் தானாக இது புரிய இன்னும் ஒரு பில் ஆகும். அதற்குள் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று.